செவியும் முள்ளும்

மோட்டார் வண்டியைச் செவியாற் செலுத்திய தலைமுறை ஒன்று இருந்தது. கண் வீதியிலே இருக்கும். கைகள் சுக்கானைப் பற்றியிருக்கும். எஞ்சினுக்கு அப்பொழுது என்ன வேண்டும் என்பதைக் காதுதான் கேட்டுச் சொல்லும். சுருதி தாழ்ந்து எஞ்சின் முனகினால் கீழ்க் கியருக்கு இறங்குவதும், சுருதி ஏறிக் கிறீச்சிட்டால் மேற் கியருக்கு மாறுவதும் அத்தலைமுறையினருக்கு எண்ணிச் செய்யும் காரியங்கள் அல்ல. அவர்களை நம்பிச் செய்யப்பட்ட வண்டிகளில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் காட்டும் கருவி பொருத்தப்படவில்லை. சுழற்சிமானி எனத் தமிழிற் கூறத்தக்கதும் நம் நாட்டுக் கராஜ்களில் ‘ஆர்.பி.எம். மீற்றர்’ என்றே வழங்குவதுமான அக்கருவி, பந்தயக்காரர்க்கும் விளையாட்டு வண்டி வைத்திருந்த செல்வர்க்கும் உரியதாக இருந்தது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் வைத்திருந்த மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ40க்கும் அது வேண்டியிருக்கவில்லை.

பேராதனையில் மகள் வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், தமது எழுபத்தொன்பதாவது வயதில், 2023 ஆம் ஆண்டில், அறுபத்து மூன்று வயதான தமது மொறிஸ் மைனருக்கு அத்தகைய மீற்றர் ஒன்றைப் பூட்டினார். பூட்டியது அவர் தனித்தல்லர். பொறியியற் பீடத்திற் படிக்கும் மகளின் மகளும் கூட நின்றாள். முதியவர் ஒருவரின் பொழுதுபோக்கு என்று கேட்போர் எண்ணக்கூடும். அந்த வீட்டில் அவ்வாறு எவரும் எண்ணவில்லை.

வண்டியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1956 இல் 948 கனசென்ரிமீற்றர் எஞ்சினுடன் ‘மைனர் 1000’ என்ற பெயரை அது பெற்றது. 37 பரிவலு, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,750 தடவை சுழலும்பொழுதுதான். ஆசிரியரின் வண்டி 1960 இற் செய்யப்பட்டது. 1974 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். அதன் முகப்புப் பலகையின் நடுவே ஒரேயொரு பெரிய வட்டம் உண்டு. வேகமானி அது, எரிபொருளின் அளவைக் காட்டும் சிறு முள்ளும் எச்சரிக்கை விளக்குகளும் அதனுள்ளேயே அடங்கியவை. அந்த வட்டத்துக்கு அப்பால் எஞ்சினைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் காதுக்கு விடப்பட்டிருந்தது.

அந்தக் காதின் பெறுமதி 1990 இன் பின்னரே அவருக்கு முழுவதும் தெரிந்தது எனலாம். குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்று, வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகையால் சிறு போத்தலில் உயிர்போலப் பாதுகாத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். பெற்றோலுக்கெனச் செய்த எஞ்சின் அதை விரும்பி ஏற்பதில்லை. சுமை கூடிய இடத்தில் உள்ளே சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். அந்தத் தட்டலைக் கேட்டவுடனே மிதியைத் தளர்த்த வேண்டும். இறங்கி, டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறு திருகை ஓரிரு கீறு பின்னே திருப்ப வேண்டும். தட்டலைக் கேளாது ஓட்டியோரின் எஞ்சின்களில் ஆடுதண்டுகள் உருகிப் போயின. ஆசிரியரின் மைனர் அக்காலத்தைக் கடந்து வந்தது. எண்ணெயை அடிக்கடி மாற்றியதும் ஒரு காரணம்; ஏனெனில் எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். எனினும் வண்டியைக் காத்தது தம் காதே என்பதுதான் அவருடைய நம்பிக்கை. 2010 இல் ஏ9 வீதியால் அதே வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு மகளிடம் வந்து சேர்ந்தார்.

மூப்பினால் வரும் செவிக்குறை ஒரு நாளில் வருவதன்று. உயர்ந்த மீடிறன்கள் முதலில் விடைபெறும். தாழ்ந்தவை நெடுங்காலம் தங்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும்போது செக்கனுக்கு 100 வெடிப்புகள் நிகழும். அது தாழ்ந்த ஓசைதான். ஆகவே ஆசிரியருக்கு எஞ்சின் இயங்குவதே கேளாமற் போய்விடவில்லை. போனவை அதன் மேலுள்ள நுண்ணிய ஓசைகள். கியர்ப் பற்களின் ஊளை, வால்வுகளின் சலசலப்பு, அந்தப் பழைய சுத்தியற் தட்டல் ஆகியன ஒவ்வொன்றாக மறைந்தன. எஞ்சியது எங்கோ தொலைவிலிருந்து வருவது போன்ற ஒரு முழக்கம். சிறு எஞ்சின் மெல்ல ஓடும்போது, வீதியில் ஒரு பஸ் கடந்தால், அந்த முழக்கமும் பஸ்ஸின் முழக்கத்தில் அமிழ்ந்துவிடும்.

அவர் தாமாக உணர்ந்த முதற் குறி எரிபொருட் பம்பியைப் பற்றியது. மைனரில் மின்னாற் செயற்படும் எஸ்.யூ. பம்பி உண்டு. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று விரைந்து அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நின்றுவிடும். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு காலையும் அந்த ஓசை நின்ற பின்னரே ஸ்ராட்டர்க் குமிழை இழுத்தவர் அவர். ஒரு நாள் பம்பி பழுதாகிவிட்டதென்று கழற்றிக் கைகளில் வைத்துக்கொண்டார். வயர்களைத் தொடுத்தபோது அது கையிலே துடித்தது. காதில் ஒன்றும் விழவில்லை. பழுது எதில் என்பது விளங்கியதும் பம்பியைத் திரும்பப் பூட்டினார். வீட்டில் எவரிடமும் அதைக் கூறவில்லை.

கூறாமலே அனைவரும் அறியும் நாள் வந்தது. முற்றத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அது நின்றுவிட்டது என எண்ணி மறுபடியும் ஸ்ராட்டர்க் குமிழை இழுத்தார். சுழன்றுகொண்டிருக்கும் பற்சக்கரத்தின் மேல் ஸ்ராட்டரின் பற்கள் மோதினால் எழும் ஓசை, கேட்டவர் பல்லையும் கூசச் செய்வது. அயலவர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தனர். ஆசிரியர் மட்டும் குமிழை இழுத்தபடி, எஞ்சின் ஏன் பிடிக்கவில்லை என்ற முகத்துடன் இருந்தார்.

அன்றிரவு மகள் சொன்னாள்: “அப்பா, உந்தக் காரை இனி வித்துப்போடுவம். கேட்டு வாறதுக்கு ஆக்கள் இருக்கினம்.”

விலைக்கு ஆள் இருந்தது உண்மை. பழைய மைனருக்கு இந்நாட்டில் எப்பொழுதும் ஆள் உண்டு. மருமகன் நல்லவர், அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனாற் பேசாமல் இருந்ததே மகளின் பக்கம் பேசியதாக ஆசிரியருக்குப் பட்டது. வைத்தியரின் ஆலோசனைப்படி செவித்துணைக் கருவி ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அது பயன்பட்டது. வண்டியினுள்ளோ, காற்றையும் தகரத்தின் அதிர்வையும் சக்கரங்களின் இரைச்சலையும் ஒருங்கே பெருக்கித் தலையினுட் கொட்டியது. ஆகையால் வண்டியில் ஏறியதும் அதைக் கழற்றி முகப்புப் பெட்டியில் வைத்துவிடுவது அவருடைய வழக்கமாயிற்று. இதை மகள் அறியாள், பேர்த்தி அறிவாள்.

“காதுக்குக் கேக்காததைக் கண்ணுக்குக் காட்டினால் என்ன, அம்மப்பா?” என்று கேட்டவள் அவள்தான்.

அவர் முதலில் உடன்படவில்லை. மீற்றர் பார்த்துக் கியர் மாற்றுவது பாட்டை எழுதி வைத்துப் பாடுவது போன்றது என்றார். ஆயினும் மறுநாட் காலையில் மேசையில் ஒரு தாளிற் கோட்டுப்படம் கிடந்தது. மின்கலம், தூண்டற் சுருள், தொடுகைமுனை எல்லாம் அவருடைய கரும்பலகைக் கையெழுத்திற் பெயரிடப்பட்டிருந்தன.

கருவியின் தத்துவம் எளிது. டிஸ்ரிபியூட்டரினுள்ளே தொடுகைமுனைகள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுருளில் மின்னோட்டம் அறுந்து ஒரு பொறி பிறக்கும். நாலு அடிப்பு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறையே வெடிக்கும். ஆகவே நாலு சிலிண்டருக்கு ஒரு சுழற்சிக்கு இரண்டு பொறிகள். மீற்றரின் வேலை அந்தத் துடிப்புகளை எண்ணி முள்ளை நகர்த்துவது, அவ்வளவுதான். வேகமானியோ முற்றிலும் வேறு வகை. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்ற, காந்தம் தன்னைத் தொடாதிருக்கும் உலோகக் கிண்ணத்தைச் சுழிமின்னோட்டத்தால் இழுத்துச் செல்கிறது. ஒன்று இழுக்கிறது, மற்றது எண்ணுகிறது. இந்த வேறுபாட்டைப் பேர்த்திக்கு விளக்கியபோது ஆசிரியர் எழுந்து நின்றுகொண்டார் என்று கூறுவர். முப்பத்தாறு ஆண்டு வகுப்பறைப் பழக்கம் அது.

கண்டியில் ஒரு கடையில் மீற்றரை வாங்கினார்கள். கறுத்த முகமும் வெள்ளை எண்களும் சிவந்த முள்ளும் உடையது. கிண்ணம் போன்ற கூட்டில் அமர்ந்து, சுக்கான் தண்டிற் பட்டியாற் கட்டத்தக்கது. முகப்புப் பலகையில் ஓர் ஓட்டையும் இடக்கூடாது என்பது ஆசிரியர் விதித்த முதல் நிபந்தனை. இரண்டாவதாக அவர் கேட்டது கடைக்காரரைத் திகைக்க வைத்தது: “இது எந்தப் புவிக்குச் செய்தது?”

இக்காலத்து வண்டிகளில் மின்கலத்தின் மறைமுனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். 1960 ஆம் ஆண்டு மைனரிலோ நேர்முனையே புவித்தொடுப்பு. பிரித்தானிய வண்டிகளில் அக்காலத்து வழக்கம் அது. மின்விளக்குக்கும் ஹோணுக்கும் பழைய எஸ்.யூ. பம்பிக்கும் இதனால் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனால் குறைகடத்திகளால் ஆன மீற்றரைத் தலைகீழாகத் தொடுத்தால் அது அக்கணமே மாண்டுவிடும். வழிகள் இரண்டு. மீற்றரை உடலோடு முட்டாதபடி காவலிட்டுத் தொங்கவிடலாம். அல்லது வண்டி முழுவதையும் மறைப்புவிக்கு மாற்றலாம். முன்னையது சுலபம். ஆனாற் கூடு முழுவதும் உயிர்மின்னோடு கைக்கெட்டும் இடத்திற் கிடக்கும். பட்டி தேய்ந்து தண்டிற் பட்டால் வயர் எரியும். ஆசிரியர் பின்னையதைத் தேர்ந்தார்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் அதற்குச் சென்றது. மின்கலத்தின் முனைகளிற் நேர்முனை சற்றுத் தடித்தது. ஆகவே வடங்களைச் சும்மா இடம் மாற்றிப் பூட்ட முடியாது. புதிய கவ்விகள் வேண்டும். தூண்டற் சுருளின் முனைகளில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. முன்னையது சுவிச்சுக்கு, பின்னையது தொடுகைமுனைக்கு. இப்பொழுது இரண்டு வயர்களும் இடம்மாற வேண்டும். எழுத்துகள் சொல்வதற்கு எதிராகவே பூட்ட வேண்டும். மாற்றாவிட்டாலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனாற் பொறி தலைகீழான திசையிற் பாயும். பிளக்கின் நடுமுனையே சூடு மிக்கது; சூடான முனையிலிருந்து இலத்திரன்கள் எளிதில் வெளியேறும்; ஆகவே அம்முனை மறையாக இருப்பதே முறை. எதிர்த்திசைப் பொறிக்குக் கூடிய அழுத்தம் வேண்டும். மழைநாளிற் காலையில் எஞ்சின் பிடிக்காதபோதுதான் அதன் பலன் தெரியும்.

டைனமோவை மாற்றும் கட்டம் வந்தபோது ஆசிரியர் ஒதுங்கி நின்று பேர்த்தியைச் செய்யவிட்டார். டைனமோவின் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தமே அது எந்தத் திசையில் மின்னைப் பிறப்பிக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அறுபத்து மூன்று ஆண்டுகளாக ஒரு திசையிற் கிடந்த அந்த எச்சக் காந்தத்தைத் திருப்புவதற்குச் செய்ய வேண்டியது வியப்பூட்டும் அளவுக்குச் சிறிது. ‘எஃப்’ என்ற முனையின் வயரைக் கழற்றி, மின்கலத்தின் உயிர்முனையிலிருந்து கொண்டுவந்த வயர் ஒன்றால் அம்முனையை மூன்று நாலு முறை தொட்டு எடுத்தாற் போதும். தொடும்போதெல்லாம் சிறு நீலப் பொறி. “முடிஞ்சுதா?” என்று அவள் கேட்டாள். முடிந்துவிட்டது. எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் அம்புக்குறியாற் காட்டிய ஒன்றை அவர் அன்றுதான் முதன்முதல் நடக்கக் கண்டார்.

மீற்றருக்கு நாலு வயர்கள். சிவப்பு மின்னுக்கு, கறுப்பு உடலுக்கு, வெள்ளை விளக்குக்கு, பச்சை துடிப்பை அறிவதற்கு. வண்டியிலும் பச்சை வயர்கள் உண்டு. ஆனால் லூக்காஸ் நிறமுறைப்படி பச்சை என்பது சாவி திருப்பியபின் உருகி வழியாக வரும் மின். வண்டியின் பச்சையும் மீற்றரின் பச்சையும் ஒன்றல்ல. மீற்றரின் சிவப்பே வண்டியின் பச்சையோடு சேரவேண்டும். நிறத்தை நம்பிப் பூட்டுவோர் இவ்விடத்தில் தவறுவது இயல்பு. இவர்கள் தவறவில்லை. உருகிப் பெட்டியின் ஏ4 முனையில் மின் எடுத்து, சுருளிலிருந்து வரும் வயரை முன்பே இருந்த இறப்பர் வளையத்தினூடாக உள்ளே கொணர்ந்து, மாலை நாலரை மணியளவில் எல்லாவற்றையும் முடித்தார்கள்.

சாவியைத் திருப்பினார். முள் ஒரு முறை துள்ளிப் பூச்சியத்தில் அமர்ந்தது. குமிழை இழுத்தார். முள் எழுந்து 300இல் நின்றது.

அவர் முகத்தில் அப்போது தோன்றியதை மகள் யன்னலினூடாகக் கண்டாள். பல மாதங்களாகத் தமக்கு மறைக்கப்பட்டிருந்த செய்தி ஒன்றை ஒருவர் வாசித்துக் காட்டக் கேட்பவரின் முகம் அது என்று பின்னர் அவள் சொன்னாள். எஞ்சின் ஓடுகிறது, ஓடுகிறது என்பது தெரிகிறது. ஆனால் 300 குறைவு. கைந்நூலின்படி ஏறக்குறைய 500 இருக்க வேண்டும். காபரேற்றரின் திருகை மெல்லத் திருகி, முள்ளை 500க்குக் கொண்டுவந்தார்.

“கொஞ்சம் கூடவாக் கேக்குது, அம்மப்பா,” என்றாள் பேர்த்தி.

அவர் முள்ளைக் காட்டினார்.

மறுநாள் ஞாயிறு. பிலிமத்தலாவை கடந்து கடுகண்ணாவைக்குப் போவதென்றும், டோசன் கோபுரத்துக்கு அப்பால் ஏற்றத்தின் அடிவரை இறங்கித் திரும்பி ஏறிவருவதென்றும் முடிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையைக் குடைந்து கொழும்பு - கண்டி வீதியை அமைத்தபோது அதை முன்னின்று நடத்திய தலைவர் டோசனின் நினைவாக 1832 இல் எழுந்தது அக்கோபுரம். மைனருக்குப் பரீட்சை வைக்க அவ்வீதியினும் சிறந்த இடம் அயலில் இல்லை. இறக்கத்தில் ஒரு தொல்லையும் இல்லை. திரும்பி ஏறத் தொடங்கியதும் இரண்டாம் கியரில் இட்டார். முள் 1,700. இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது என்று மிதியை அழுத்தினார். முள் 2,000க்கு வந்தது, அதையும் கடந்தது. வண்டி உற்சாகமாகவே ஏறியது.

“அம்மப்பா, எஞ்சின் கத்துது. மூண்டுக்கு மாத்துங்கோ.”

“இரண்டாயிரத்து இருநூறுதான், பிள்ளை.”

“கத்துது, அம்மப்பா.”

“முள்ளைப் பார்.”

இரண்டு வளைவுகளுக்கு இந்த வாக்குவாதம் நீடித்தது. அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் அவருடைய செவி மட்டுமன்று. மூன்றாவது வளைவில் அவருடைய இடக்கை கியர்த் தண்டின் மேல் இருந்தது. தண்டின் உச்சி, அவர் அறிந்திருந்த எந்த 2,200இலும் அதிராத வகையில் அதிர்ந்துகொண்டிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தார். வீதி ஓரத்தில் அகன்ற இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினார்.

பிறகு அவர் தாள் கேட்டார். தாள் இல்லை, மீற்றர் வந்த பெட்டி இருந்தது. அதன் முதுகில் எழுதத் தொடங்கினார். பின்னச்சிற் பல்விகிதம் 4.55. சக்கரத்தின் சுற்றளவைக் கொண்டு கணித்தால், மேற் கியரில் எஞ்சினின் ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 15 மைல் செல்லவேண்டும். இரண்டாம் கியரின் விகிதம் ஏறத்தாழ 2.4, ஆகவே அதில் ஆயிரத்துக்கு 6 மைலும் சிறிதும். மிதியிலிருந்து காலை எடுத்தபோது வேகமானி என்ன காட்டியது? பேர்த்தி பார்த்திருந்தாள்: 28. இருபத்தெட்டை ஆறே காலாற் பிரித்தார். நாலாயிரத்து நானூறும் சில்லறையும். முள் காட்டியது 2,200.

“சரி பாதி,” என்றாள் அவள். சொன்ன கணத்திலேயே இருவருக்கும் விளங்கிற்று. எண்ணுகின்ற கருவி தவறாக எண்ணினால் சிறிது தவறாது. பெருக்கத்திலோ பிரிப்பிலோ தவறும். சுழற்சிக்கு நாலு பொறிகளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மீற்றர் ஒன்றுக்கு இரண்டு பொறிகளைக் கொடுத்தால் அது பாதியைத்தான் காட்டும். மீற்றரைக் கூட்டிலிருந்து இழுத்து எடுத்தாள். முதுகில், கூட்டினுள்ளே முற்றாக மறைந்திருந்த இடத்தில், நகநுனியளவான சுவிச்சு ஒன்று. 4, 6, 8 என்ற மூன்று எண்கள். அது எட்டில் நின்றது. எட்டுச் சிலிண்டர் வண்டிகளின் தேசத்துக்கும் இதே மீற்றர் போகும் போலும்.

நாலுக்குத் தள்ளி, எஞ்சினை இயக்கினார்கள். சும்மா நிற்கும் எஞ்சினுக்கு முள் 1,000 காட்டியது. முதல் நாள் மாலையில் அவர் திருகி ஏற்றியதன் கணக்கு அது. அப்பொழுதே அவள் கூடவாகக் கேட்கிறது என்று சொல்லியிருந்தாள். திருகியைப் பேர்த்தி கொண்டுவந்திருந்தாள். வீதி ஓரத்தில், லொறிகள் முனகி ஏறிக்கொண்டிருக்க, அவர் திருகைத் தளர்த்தி முள்ளை 600க்கு இறக்கினார்.

வீடு வரும்வரை ஆசிரியர் அதிகம் பேசவில்லை. எஞ்சினுக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்ற கவலையன்று அது. 4,400 என்பது அந்த எஞ்சினால் தாங்கத்தக்கதே என்பதை அவர் அறிவார். பக்கத்தில் இருந்த நல்ல காது ஒன்று மூன்று முறை சொன்னதை, முதல் நாள் வாங்கிப் பூட்டிய முள்ளை நம்பி அவர் மறுத்திருந்தார். மாணவர்க்குக் கருவியின் வழுவைப் பற்றி ஆண்டு தோறும் முதற் பாடமாகக் கற்பித்தவர் அவர். எனினும் இதில் அவரைக் குறைகூறுவது கடினம். காது போனவனுக்குக் கண் முன்னே ஒரு முள் வந்து நிற்கும்போது, அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் காது உள்ளவர் அளந்துவிட முடியாது.

இப்போது முகப்புப் பெட்டியில், செவித்துணைக் கருவியின் அருகே, ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. 3,000 சுழற்சியில் இரண்டாம் கியருக்கு 19 மைல், மூன்றாவதுக்கு 32, மேற் கியருக்கு 45. மீற்றரும் வேகமானியும் ஒன்றையொன்று பொய்யாக்கினால் உடனே தெரிந்துகொள்வதற்கு. அந்த மாதத்திலேயே இன்னொரு பயனும் கிட்டியது. எஞ்சின் இடைக்கிடை விக்கியபோதெல்லாம் முள் பூச்சியத்தை நோக்கிச் சட்டென விழுந்து எழுவதை அவர் கண்டார். பெற்றோற் குறை என்றால் முள் அப்படி விழாது, மெல்லத்தான் இறங்கும். ஆகவே பொறிக்குரிய மின் எங்கோ அறுபடுகிறது என்று தீர்த்து, டிஸ்ரிபியூட்டரினுள்ளே உறைக்குள் இற்றுப்போயிருந்த வயரைக் கண்டுபிடித்தார். இக்கதையை அவர் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிவருகிறார். சுவிச்சின் கதையைச் சொல்வது பேர்த்தி.

மகள் வண்டியை விற்கும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் எடுக்க வேண்டிய பேச்சை ஆசிரியரே எடுத்தார். பின்னால் வரும் பஸ்ஸின் ஹோணையும் நோயாளர் வண்டியின் ஒலியையும் காட்டும் முள் ஒன்று எந்தக் கடையிலும் இல்லை என்றும், இனிக் கண்டி நகருக்குள் வண்டியைக் கொண்டுபோவதில்லை என்றும், வேறிடங்களுக்குப் போவதானாற் பேர்த்தி பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே என்றும் ஓர் இரவு உணவின்போது சொன்னார். மகள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றோ கூடாது என்றோ சொல்லாமல் இன்னொரு கரண்டி போட்டாள்.

காலை ஏழரைக்கு விரிவுரை உள்ள நாள்களில் அவரே பேர்த்தியைப் பீடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். சாவியைத் திருப்பியதும் அவள் ஒரு விரலை உயர்த்துவாள். பம்பி அடித்து ஓய்ந்ததும் விரலை மடக்குவாள். அவர் குமிழை இழுப்பார். முள் எழுந்து 600இல் நிற்கும். குமிழிலிருந்து கையை எடுத்துவிடுவார்.